களஞ்சியம் நிறைந்த மாதத்தில் வந்த திருநாள்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சொல்வல்லாரே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

கிறிஸ்தவர்களின் குளிர்காலத் திருநாள் மரபுகள் பழைய வேளாண்மைக்கும் பருவங்களுக்கும் பொருந்துகின்றனவா, இல்லையா என்பது இன்றைய வழக்கு. பொருந்துகின்றன என்னும் அணிக்காக நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். பெத்லகேமின் டிசம்பர்க் குளிரில் மேய்ப்பர்கள் இரவில் வெட்டவெளியில் தங்கியிருக்க முடியாது, ஆகவே தேதியே தவறு என்றார். அறுவடையே நடவாத மாதத்தில் வரும் ஒரு விழாவுக்கும் உழவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். நாட்காட்டியைத் திருத்தி நாள்களையே நகர்த்திவிட்ட பிறகு பருவப் பொருத்தம் பேசுவது வேடிக்கை என்றும் சொன்னார். அவையும் கைதட்டியது. நானும் தட்டினேன், நன்றாகச் சொன்னதை நன்று என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர் சொன்னவற்றுள் முதலாவது இந்த வழக்குக்கே உரியதன்று.

இயேசு எந்த நாளில் பிறந்தார் என்பது ஒரு கேள்வி. அந்தப் பிறப்பைக் கொண்டாடிய மக்கள் என்ன உண்டார்கள், எதை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள், எத்தனை நாள் ஏரைத் தொடாமல் இருந்தார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஆதித் திருச்சபையிடமே ஒருமித்த விடை இருக்கவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட், சிலர் மே மாதத்தில் வரும் ஒரு நாளைக் கணித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார். டிசம்பர் 25 என்னும் தேதி, 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ரோமாபுரி நாட்காட்டி ஏடு ஒன்றில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. மார்ச் 25-இல் கருத்தரிப்பு என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டிய கணக்கினால் அந்தத் தேதி வந்தது என்பார் உண்டு; சூரியனுக்கு ரோமர்கள் எடுத்த விழாவை ஒட்டி வந்தது என்பார் உண்டு. எப்படி வந்திருந்தாலும் அது அறிஞர்களின் மேசையில் பிறந்த தேதி. மரபுகள் அந்த மேசையில் பிறக்கவில்லை; நமக்குத் தரப்பட்ட தலைப்பும் மரபுகளைப் பற்றியதே. போகிற போக்கில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலஸ்தீனத்தில் மழை பெய்து புல் தளிர்ப்பது குளிர்காலத்தில்தான். அங்குள்ள அவாசி இனச் செம்மறிகள் பெரும்பாலும் குட்டி ஈனுவதும் அப்போதுதான். மேய்ப்பன் ஆட்டை விட்டு அகல முடியாத காலம் ஒன்று உண்டென்றால் அது குட்டி ஈனும் காலம். இதைக் கொண்டு நான் தேதியை நிறுவ வரவில்லை. நண்பரின் வாதம் அவர் நினைத்த அளவுக்கு உறுதியானதன்று என்று மட்டும் காட்டுகிறேன்.

இப்போது மரபுகள் உருவான இடத்துக்கு வருவோம். நாம் இன்று கிறிஸ்துமஸ் மரபு என்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஐரோப்பாவின் நாட்டுப்புறத்தில், கோதுமையும் பார்லியும் பன்றியும் மாடும் வளர்த்த குடியானவர்களிடையே வடிவெடுத்தது. அந்தக் குடியானவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளில் மிகவும் நம்பத்தக்கவை பக்தி நூல்கள் அல்ல, பண்ணைக் கணக்குகள். இங்கிலாந்தின் இடைக்காலப் பண்ணைப் பதிவேடுகளில் ஒரு செய்தி ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகிறது: நிலத்தை அனுபவிக்கும் குடியானவன் தன் பிரபுவுக்குக் கிறிஸ்துமஸ் நாளில் கோழி கொடுக்க வேண்டும், ஈஸ்டர் நாளில் முட்டை கொடுக்க வேண்டும். அவையோரே, இந்த வரியைச் சற்று நின்று பாருங்கள். ஏன் கிறிஸ்துமஸுக்கு முட்டை கேட்கவில்லை? ஏன் ஈஸ்டருக்குக் கோழி கேட்கவில்லை? கோழி தொடர்ந்து முட்டையிட நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்தை ஒட்டிய வெளிச்சம் வேண்டும். தென் இங்கிலாந்தில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருப்பதில்லை. இறகு உதிர்த்து, முட்டையை நிறுத்திவிட்டு, தானியத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கும் கோழியைக் குளிர்காலம் முழுவதும் வைத்துக் காப்பாற்றுவது ஏழைக்குக் கட்டுபடியாகாது. ஆகவே அடைக்கோழியும் கிழக்கோழியும் கிறிஸ்துமஸுக்குப் போயின. வசந்தத்தில் பகல் நீள நீள முட்டை பெருகுகிறது. தவக்காலத்து நாற்பது நாளும் முட்டை விலக்கப்பட்ட உணவாதலால் கூடை கூடையாகச் சேர்கிறது. ஈஸ்டருக்கு அது பிரபுவின் வாசலுக்குப் போகிறது. திருநாள் பட்டியலைத் திருச்சபை எழுதியது. அந்தந்தத் திருநாளுக்கு என்ன கேட்கலாம் என்பதைக் கோழிக்கூடு தீர்மானித்தது. பொருத்தத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை எதிரணியினர் கேட்பார்களானால், நான் கோழியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

பிரபுவும் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. சாமர்செட் பகுதியில் உள்ள நார்த் கரி என்னும் பண்ணையின் 14-ஆம் நூற்றாண்டுப் பதிவு ஒன்று, கிறிஸ்துமஸ் விருந்தாகக் குடியானவனுக்கு உரியவை இவை என்று வரிசைப்படுத்துகிறது: ரொட்டி, அன்றைய பகலில் குடிக்க முடிந்த அளவு பீர், கடுகோடு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும், கோழிச்சாறு, பாலாடைக்கட்டி, சமைப்பதற்கு விறகு, இரண்டு மெழுகுவர்த்தி. இது ஏதோ கொடையாளியின் மனம்போன போக்கில் அமைந்த பட்டியல் போலத் தோன்றும். உண்மையில் இதில் உள்ள ஒவ்வொன்றும் டிசம்பரில் ஒரு பண்ணையின் எந்த மூலையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதன் குறிப்பு. ரொட்டிக்கான கோதுமை ஆகஸ்டில் அறுத்தது. கதிரடிக்கும் வேலை குளிர்காலத்தில் களஞ்சியத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும். பீருக்கான பார்லியும் அதே அறுவடையின் பயன், இலையுதிர் காலத்தில் முளைகட்டி உலர்த்தியது. பாலாடைக்கட்டி கோடைப்பாலைக் கெடாமல் சேமித்தது. இறைச்சிக்கு வேறு கதை உண்டு. அதைச் சொன்னால் நண்பரின் இரண்டாவது வாதத்துக்கும் விடை கிடைத்துவிடும்.

டிசம்பரில் அறுவடை இல்லை என்றார் நண்பர். மெய்தான், வயலில் அறுவடை இல்லை. ஆனால் தொழுவத்தில் உண்டு. குளிர்காலம் முழுவதும் எத்தனை மாட்டுக்கு வைக்கோலும் உலர்புல்லும் போதும் என்று உழவன் இலையுதிர் காலத்தில் கணக்குப் பார்ப்பான். அந்தக் கணக்குக்கு மிஞ்சியவை நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி வெட்டப்பட்டன. 8-ஆம் நூற்றாண்டில் எழுதிய பீட் என்னும் துறவி, கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆங்கிலேயரும் நவம்பரில்தான் வெட்டப்போகும் மாடுகளைத் தங்கள் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். பன்றிகள் செப்டம்பர் தொடங்கிக் காட்டில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்திருக்கும். டிசம்பரில் அவற்றின் முறை. பிரான்சின் ஆமியென் பேராலய முகப்பில் பன்னிரண்டு மாத வேலைகளையும் 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். டிசம்பருக்குப் பன்றி வெட்டுதல், ஜனவரிக்கு விருந்துண்ணுதல், பிப்ரவரிக்குத் தீயருகே குளிர்காய்தல். ஆலயத்தின் வாசலிலேயே பண்ணையின் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது! குளிர் வேண்டும் என்பதும் இதில் ஓர் அங்கம். வெப்பமான காலத்தில் வெட்டினால் உப்பு உள்ளே இறங்குமுன் இறைச்சி கெட்டுவிடும். கடுங்குளிரில் உப்புக்கண்டம் போடுவது எளிது. வடநாட்டுக் கிறிஸ்துமஸ் மேசைகளில் இன்றும் பன்றித்தொடை நடுவில் வீற்றிருப்பதற்கு வேதாகமத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. சொல்லப்போனால், பிறந்த குழந்தையின் சொந்தக் குலத்தார் பன்றியைத் தொடவும் மாட்டார்கள். காரணம் ஓக் காட்டிலும் உப்புத்தொட்டியிலும் இருக்கிறது.

ஆக, அந்த நாட்டு உழவனுடைய ஆண்டில் களஞ்சியமும் உப்புத்தொட்டியும் பீர்ப்பீப்பாயும் ஒருசேர நிறைந்திருந்த காலம் ஆகஸ்டு அன்று. ஆகஸ்டில் அவனுக்கு நிமிர நேரமில்லை. பசி வாட்டிய காலமோ, பழைய தானியம் தீர்ந்து புதியது வராத கோடைத் தொடக்கம். இரண்டுக்கும் நடுவே டிசம்பர் இறுதியில், இலையுதிர் கால விதைப்பு முடிந்து, நிலம் நனைந்தோ உறைந்தோ கிடக்க, வசந்த விதைப்புக்கான உழவு இன்னும் தொடங்காத நாள்களில் கையும் ஓய்ந்திருந்தது, பானையும் நிறைந்திருந்தது. 5-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஆயராக இருந்த முதலாம் லியோ, டிசம்பர் நோன்பைப் பற்றிய மறையுரைகளில், எல்லா விளைச்சலும் சேர்த்து முடிந்த காலத்துக்கு உரிய காணிக்கையாகவே அந்த நோன்பை விளக்குகிறார். அறுவடையற்ற மாதம் என்று நண்பர் இகழ்ந்ததை, அறுவடை முடிந்த மாதம் என்று அவர் போற்றியிருக்கிறார்.

நோன்பு என்றதும் எதிரணியில் ஒருவர் புன்னகைப்பது தெரிகிறது. நவம்பரில் வெட்டிவிட்டு டிசம்பரில் நோன்பிருப்பது என்ன பொருத்தம் என்று கேட்கலாம். அதே 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பை ஏற்படுத்தினார். வெட்டிய அன்று கெட்டுப்போகக்கூடிய குடலையும் ஈரலையும் புதுத் திராட்சை மதுவோடு உண்டு தீர்த்துவிட்டு, மற்றதை உப்பிலிட்டு மூடி, அடுத்த ஆறு வாரத்துக்கு அதன்மேல் கை வைக்காதே என்று சொல்வது பக்திக்கும் நல்லது, பண்டசாலைக்கும் நல்லது. ஆயரின் நோக்கம் பக்திதான். அதை நான் மறுக்கவில்லை. குடியானவர்களிடம் அது எடுபட்டதற்குப் பண்டசாலையும் ஒரு காரணம் என்பதே என் வாதம்.

விழாவின் நீளத்தையும் பாருங்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6-இல் வரும் திருக்காட்சி விழா வரையுள்ள காலம் முழுவதும் திருநாளே என்று 567-இல் தூர் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் வகுத்தது. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரடின் சட்டம் சுதந்திர மனிதர் அனைவருக்கும் கிறிஸ்துமஸில் பன்னிரண்டு நாள் ஓய்வு கொடுத்தது. அடிமைகளுக்கு அது இல்லை என்று அதே சட்டம் சொன்னது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பருவம் எல்லோருக்கும் ஒன்றாக வந்தது, ஓய்வு அப்படி வரவில்லை. பன்னிரண்டு நாள் முடிந்ததும் என்ன நடந்தது? இங்கிலாந்தில் ஜனவரி 7-ஆம் நாள் பெண்கள் மீண்டும் நூற்கத் தொடங்கும் நாள். அதற்கு, நூற்கும் நாரைச் சுற்றிவைக்கும் கோலின் பெயரையே வைத்திருந்தார்கள். திருக்காட்சிக்கு அடுத்த முதல் திங்கட்கிழமை ஏர்த் திங்கள். இளைஞர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அலங்கரித்த கலப்பையை வீதி வீதியாக இழுத்து வந்து காசு கேட்பார்கள். காசு கொடுக்காத வீட்டு வாசலை உழுதுவிடுவதாக மிரட்டுவதும் உண்டு. மாதாகோவிலில் ஏர்விளக்கு எரிந்த ஊர்களும் இருந்தன. ஒரு திருநாள் காலத்தை ஏரைக் கொண்டே முடித்துவைத்த மக்களிடம் போய், உங்கள் மரபு உழவுக்குப் பொருந்தவில்லை என்று எதிரணியினர் சொல்லிப் பார்க்கட்டும், வாசல் மிஞ்சாது.

இனி வீட்டுக்குள் நுழைவோம். பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று, சிறு தட்டுகளில் ஈரப் பஞ்சின்மீது கோதுமையைத் தூவுவார்கள். ஹங்கேரியிலும் குரோவாசியாவிலும் டிசம்பர் 13, புனித லூசியா நாளில் இதைச் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது விரல் நீளத்துக்கு மேல் பச்சைப்பசேல் என்று எழும்பி நிற்கும். நேராகவும் அடர்த்தியாகவும் வளர்ந்தால் வரும் ஆண்டு விளைச்சல் சிறக்கும் என்பது நம்பிக்கை. நம்மூர் முளைப்பாரியைத் தலையில் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே வயலில் அக்டோபரில் விதைத்த கோதுமை குளிரில் வளர்ச்சியை நிறுத்திக் கிடக்கிறது. பிழைக்குமா என்று தெரியாமல் உழவன் கவலையோடு இருக்கிறான். உள்ளே மேசைமீது, அதே கோதுமை தளிர்த்து நிற்கிறது. இந்த மரபை ஜூலையில் வைத்துப் பாருங்கள், பொருளே இல்லை.

உக்ரைனில் கிறிஸ்துமஸ் முன்னிரவில், அறுவடையில் எடுத்துவைத்த கோதுமைக் கதிர்க்கட்டை வீட்டின் மூலையில் மரியாதையோடு நிறுத்துவார்கள். மேசைவிரிப்பின் அடியில் உலர்புல் பரப்புவார்கள். முதல் உணவு, வேகவைத்த முழுக்கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்தது. செர்பியாவில் வீட்டுத் தரையில் வைக்கோல் விரிப்பார்கள். மறுநாள் காலையில் வரும் முதல் விருந்தினர் அடுப்பில் எரியும் ஓக் கட்டையைத் தட்டி, எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் பெருகட்டும் என்று வாழ்த்துவார். நார்வேயில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்கு வைப்பார்கள். இவற்றில் பல கிறிஸ்தவத்துக்கு முந்தியவை, ஆகவே கணக்கில் வாரா என்று எதிரணி சொல்லக்கூடும். அப்படியானால் வழக்கு இன்னும் எளிதாகிவிடுகிறது. மதம் மாறியபோதும் மாறாமல் நின்றவை எவை? பருவத்தோடும் பயிரோடும் கட்டுண்டவை. 10-ஆம் நூற்றாண்டில் நார்வே மன்னர் ஹாகோன், மக்கள் தங்கள் பழைய குளிர்கால விழாவைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் நாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், பீர் காய்ச்ச வேண்டும், அது தீரும் வரை திருநாள் என்று ஆணையிட்டதாக ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோர்ரி எழுதுகிறார். நாளைச் சில வாரம் முன்னே இழுத்தார் மன்னர். ஆனால் திருநாளின் நீளத்தை அளக்க அவருக்குக் கிடைத்த கோல் பார்லி அறுவடைதான்.

மூன்றாவது வாதம் நாட்காட்டித் திருத்தம். 1582-இல் போப் கிரகோரி பத்து நாளை நீக்கினார். 1752-இல் பிரிட்டன் பதினொரு நாளை நீக்கியது. நண்பர் இதைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டினார். நான் சாமர்செட்டின் ஆப்பிள் தோட்டங்களுக்கு அவரை அழைத்துப் போகிறேன். பன்னிரண்டு நாள் விழாவின் கடைசி இரவான பன்னிரண்டாம் இரவன்று தோட்டத்துக்குப் போய், வயதில் மூத்த ஆப்பிள் மரத்தின் வேரில் ஆப்பிள் மதுவை ஊற்றி, அதில் நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையிடுக்கில் வைத்து, மரத்துக்கு வாழ்த்துப் பாடி, துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டுத் தீயவற்றை விரட்டுவது அங்கே வழக்கம். நாட்காட்டி மாறிய பிறகு அந்தப் பன்னிரண்டாம் இரவு ஜனவரி தொடக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கார்ஹாம்ப்டன் என்னும் ஊரார் இன்றுவரை ஜனவரி 17-ஆம் நாளையே வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் பதினொரு நாளை எடுத்துக்கொள்ளலாம், மரத்துக்கு அதைச் சொல்ல முடியாது என்பது அவர்கள் நிலை. நாட்காட்டி விலகியபோது மரபு பருவத்தின் பக்கம் நின்றது என்பதற்கு இது சான்று. நண்பர் சொன்னதற்கு நேர்மாறு.

வண்ண விளக்கும் வாழ்த்து அட்டையும் கடைவீதித் தள்ளுபடியும் உழவிலிருந்து வந்தவை என்று நான் வாதிடப் போவதில்லை. தலைப்பில் ‘பழைய’ என்ற சொல் இருப்பது நல்லதாயிற்று. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழியைக்கூட எதிரணிக்கு முழுதாக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலிருந்து வான்கோழிகளும் வாத்துகளும் மந்தை மந்தையாக லண்டனுக்குக் கால்நடையாகவே ஓட்டிச் செல்லப்பட்டன. ஆகஸ்டில் அறுவடை முடியும் தறுவாயில் வாத்துகள் புறப்படும். வழியெங்கும் தாள் நிலங்களில் சிந்திக் கிடக்கும் மணிகளே அவற்றுக்குத் தீனி. அக்டோபர் முடிந்து சாலைகள் சேறாகும் முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

தென்கோளத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடை, கோதுமை அறுவடைக் காலம். அங்கே இந்த மரபுகள் பொருந்தா என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்கிறேன். ஒரு சட்டை ஊரார் எல்லோருக்கும் பொருந்தினால் அது எவருக்காகவும் தைக்கப்பட்டதன்று. நம் திருநெல்வேலித் திருச்சபைகளே விளைச்சலுக்கு நன்றி செலுத்த அறுப்பின் பண்டிகை என்று தனியே ஒன்றை வைத்துக்கொண்டன. பருவம் வேறாக இருந்த மண்ணில் அந்தப் பொறுப்பைக் கிறிஸ்துமஸின்மேல் ஏற்றவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. கிறிஸ்துமஸுக்கு நாற்பதாம் நாள், பிப்ரவரி 2, மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் திருநாள். ஜெர்மனியின் பவேரியாவில் பண்ணையாள்கள் பழைய எசமானிடம் கூலி வாங்கிக்கொண்டு புதிய இடத்துக்குப் போன நாளும் அதுவே. அன்றைக்குத் தன் வைக்கோலில் பாதியும் உலர்புல்லில் பாதியும் உழவனிடம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது ஆங்கில நாட்டுப்புறத்துச் சொலவடை. குளிர்காலத்தின் நடுவே நின்று எடுக்கும் இருப்புக் கணக்கு இது. பன்னிரண்டு நாள் விருந்து பருவம் அறியாத ஊதாரித்தனமாக இருந்திருந்தால் பிப்ரவரி 2-இல் அந்த வைக்கோற்போர் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். மார்ச்சில் மாடு செத்திருக்கும். ஓரிரு தலைமுறைக்குள் அந்த மரபை உழவர்களே கைவிட்டிருப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவர்கள் கைவிடவில்லை. நடுவர் அவர்கள் தீர்ப்பெழுதும்போது, தேதியைக் கணித்த அறிஞர்களின் வாக்கைவிட வைக்கோற்போரை அளந்த உழவனின் வாக்குக்கு ஒருபடி கூடுதல் மதிப்பளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.